என் தங்கை பார்த்த கடல்

1

இந்தக் கோடைக்கு என் தங்கை ரெஜினா புதுச்சேரியிலிருந்து வந்திருந்தாள். வந்த வாரமே என் மகளை வளைத்துப் போட்டுவிட்டாள். இவள் பொறாமையில் பேசுகிறாள் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நான் இருக்கும் துலோன், பிரான்சின் தெற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். என் வீட்டுக்காரருக்கு இங்கே கடற்படைப் பட்டறையில் வேலை. ஐம்பத்தொன்பதில் கல்யாணம் முடிந்த கையோடு வந்தேன். வந்த புதிதில் என் கான்வென்ட் பிரெஞ்சைக் கேட்டு ரொட்டிக்கடைக்காரி, மதாம், நீங்கள் ராஜா காலத்திலிருந்து வருகிறீர்களா என்று கேட்டாள். இப்போது கேட்பதில்லை. என் பிரெஞ்சும் அவள் பிரெஞ்சைப் போலவே கெட்டுப்போய்விட்டது.

ரெஜினாவை வரவழைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டு வரைக்கும் காகிதத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாட்டுக்காரிகள். அதற்குப் பிறகு அவள் இந்தியப் பிரஜை, நான் பிரெஞ்சுப் பிரஜை. கூடப்பிறந்தவள்தான் என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்று கேட்டார்கள். சான்றுக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. எங்கள் அம்மாவின் பெயரை என் சான்றில் ஒரு மாதிரியும் அவள் சான்றில் வேறு மாதிரியும் எழுதி வைத்திருந்தார்கள். உங்களுக்கு இரண்டு அம்மாவா என்று அலுவலகத்துப் பெண் கேட்டாள். ஒரே அம்மா, அவளைத்தான் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம் என்றேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

என் மகள் கிளேருக்கு இருபத்தைந்து வயதாகிறது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு முக்குளிப்புக் கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குகிற வித்தை. தனி ஜாகை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள், இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். தமிழில் அவளுக்கு 'போதும்', 'வேணாம்' இரண்டும் நன்றாகத் தெரியும். மற்றதெல்லாம் அரைகுறை.

ரெஜினாவுக்குப் பிரெஞ்சு மறந்து முப்பது வருடமாகப் போகிறது. ஆகவே இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சும்மா இருப்பார்கள், நடுவில் நான் மொழிபெயர்ப்பேன், மகளோடு எனக்கும் நாலு வார்த்தை கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் ஞாயிறு சாம்பாரை ஒரு வாய் எடுத்து வைத்த ரெஜினா, கிளேரைப் பார்த்துக் கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தண்ணீருக்கடியில் 'ஏதோ சரியில்லை' என்பதற்கு அதுதான் சைகையாம். கிளேர் ஒரு கணம் திகைத்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டைவிரலைத் தூக்கினாள்; 'மேலே ஏறலாமா' என்று அர்த்தமாம். ரெஜினா விரல்களை வட்டமாக வைத்துக் காட்டினாள், 'சரி'யாம். சாப்பாடு முடிகிறவரை மேசைக்கு மேல் நாலு கைகளும் ஓயவில்லை. அன்றைக்கு என் மகள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

2

அந்தச் சைகைகளை ரெஜினாவுக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் அண்ணன் அந்துவான். நியாயமாக எனக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது.

அண்ணன் பிரெஞ்சுக் கடற்படையில் இருந்துவிட்டு ஐம்பத்தேழில் புதுச்சேரிக்குத் திரும்பினான். பிரெஞ்சுப் படையிலிருந்து திரும்புகிற மற்ற சொல்தாக்கள் பென்ஷனும் வாசனைச் சோப்பும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு சிலிண்டர், வாயில் கவ்வுகிற ரப்பர் குழாய், கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி, வாத்துக்கால் மாதிரி இரண்டு ரப்பர் செருப்பு கொண்டுவந்தான். சிலிண்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் நடையேறி வந்ததைப் பார்த்து அம்மா, "உங்க அண்ணன் பெத்த புள்ளையப் பாருங்கடி" என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் புள்ளை.

புள்ளைக்குப் பசித்தால் சென்னைக்குத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவு அழுத்தமாகக் காற்று அடைக்கிற யந்திரம் எங்கள் ஊரில் இல்லை. அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் சாராயக்கடை. எல்லையில், கோரிமேட்டில், ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்திச் சோதிப்பார்கள். இரும்புக்குள் என்ன சரக்கு என்று ஒரு போலீஸ்காரர் புள்ளையின் திருகைத் திறந்தாராம். மிச்சமிருந்த காற்று உஸ்ஸென்று அவர் மீசையில் அடித்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல காத்துதான், போ என்றாராம். அண்ணன் இதை எங்களுக்கு நடித்தே காட்டுவான்.

எங்கள் மூவரில் தண்ணீரில் கெட்டிக்காரி நான். இதை ரெஜினாவே மறுக்கமாட்டாள். அவள் துடுப்பில்லாத தோணி மாதிரி ஒரே இடத்தில் சுற்றுவாள். நான் தோட்டக் கிணற்றின் மேல் மேடையிலிருந்து குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருவேன். ஆகவே புள்ளையைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கப்போவது நான்தான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனும் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தான்.

3

பாடம் ரெட்டியார்பாளையத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் தோட்டக் கிணற்றில். அகலமான கமலைக் கிணறு, உள்ளே இறங்கப் படிகள். கடலில் முதல் பாடம் கூடாது என்றான் அண்ணன். அலை பயமுறுத்தும், அடி தெரியாது. கிணற்றில் பயந்தால் படியைப் பிடித்துக்கொள்ளலாம். விவசாயி மாட்டை நிறுத்திவிட்டு வந்து, இதனால் தண்ணீர் கெட்டுப்போகாதே என்று கேட்டார். அண்ணன் இறங்கிக் காட்டினான். குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்ததும் மாடுகள் இரண்டும் மிரண்டு வாய்க்காலைத் தாண்டிப் போய் நின்றன.

அன்று சனிக்கிழமை. மறுநாள் பூசைக்குத் தலை சீராக இருக்க எங்கள் வீட்டில் பெண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. கிணற்றில் நெடுநேரம் கிடக்கப்போகிறேன், சளி பிடிக்கக்கூடாது என்று நான் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு போயிருந்தேன். முதலில் பாடம், பிறகு அங்கேயே சீயக்காய். கிணற்றில் குளிக்கப் போகிற எந்தப் பெண்ணும் செய்கிற காரியம்தானே? ரெஜினா எண்ணெய் முழுக்கென்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற ரகம். அன்றைக்கும் வறண்ட தலையோடு, பரட்டையாக, வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

கண்ணாடியை என் முகத்தில் மாட்டினால் நெற்றியிலிருந்து மூக்குக்கு வழுக்கியது, மூக்கிலிருந்து வாய்க்கு வழுக்கியது. வார் தலையில் நிற்கவே இல்லை. அண்ணன் தன் லுங்கியால் என் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க முடியிலிருந்து எண்ணெய் இறங்கியது. அப்படியே இறக்கிவிட்டான். ஓர் ஆள் ஆழம் போவதற்குள் கண்ணாடிக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது. மூக்கில் ஏறியது. மூச்சு முட்டி வாய்க்குழாயை விட்டுவிட்டு மேலே வந்தேன். குழாயிலிருந்து காற்று கொட்டிக்கொண்டிருந்தது. சென்னைக் காற்று, கோரிமேடு தாண்டி வந்த காற்று, கிணற்றில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. ரப்பரில் எண்ணெய் பட்டால் பிய்ந்துவிடும் என்று அண்ணனுக்கு அந்தக் கவலை வேறு.

"நீ அடுத்த வாட்டி வா. மிச்சத்த இவ பாக்கட்டும்" என்றான்.

ரெஜினாவின் முகத்தில் கண்ணாடி பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. சிலிண்டரின் கனமே அவளை நேராக அடிக்குக் கொண்டுபோனது. நீந்தத் தெரியாதவளுக்கு இதில் நீந்த வேண்டிய அவசியமே இல்லை, சும்மா கிடந்து மூச்சுவிட்டால் போதும். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்த வித்தை அது. நான் படியில் உட்கார்ந்து தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டே அவள் விடுகிற குமிழிகளைப் பார்த்தேன். சீயக்காய் கண்ணில் பட்டதால் அழுதேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

4

அடுத்த வாட்டி வந்தது. நான் வரவில்லை, வரமுடியவில்லை.

அது தை மாதம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுத்தினார்கள். கோயிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று ஞாயிறு வாசிப்பார். முதல் ஓலை வாசித்தபின் பெண் பூசைக்குத் தவிர வாசல் தாண்டக்கூடாது. கிணறு, குளம், கடல் பக்கம் கூடவே கூடாது, காத்துக் கருப்பு அண்டிவிடும். அண்ணன் சென்னையிலிருந்து புள்ளையை நிரப்பிக்கொண்டு வந்தது இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில்.

இந்த முறை கடல். கப்பல் சரக்கு இறக்கக் கடலுக்குள் கட்டி, புயலில் விழுந்த பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீருக்குள் கிடக்கிற இடத்துக்குக் கட்டுமரத்தில் போவதாக ஏற்பாடு. ஒரே ஒரு மணி நேரம் விடுங்கள் என்று அம்மாவைக் கெஞ்சினேன். அம்மா என் கழுத்தில் கிடந்த மாலையைக் காட்டினாள். ரெஜினா அண்ணனுடைய அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் புடைவையைச் சுற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். நான் கூடத்தில் நலங்கு மஞ்சளோடு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கூடம் நிறைய உறவுக்காரர்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எனக்குச் சொன்னாள். தூண்களெல்லாம் சாய்ந்து கிடக்கின்றனவாம், மேலே பூப்பூவாய் ஏதோ படர்ந்திருக்கிறதாம். வெயில் சாய்வாய் உள்ளே இறங்குகிறதாம். பூசை முடிந்து கோயிலை விட்டு வருகிற கூட்டம் மாதிரி மீன்கள் தூண்களுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தனவாம். மஞ்சள் மீன், கோடு போட்ட மீன், ஜரிகை மாதிரி மீன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னாள்.

கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருக்கும்போதும் எனக்கு அந்த மீன்கள்தான். பம்பாய்க்குப் போய்க் கப்பலேறினேன். கப்பல் நாள்கணக்கில் கடல்மேல் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பேன். இதற்கடியில் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள், நான் பார்க்கவில்லை.

5

துலோன் கடலை நீங்கள் பார்க்கவேண்டும். படகு நிற்கிற இடத்தில் அதன் நிழல் அடிமணலில் தெரியும். அவ்வளவு தெளிவு. உலகமெங்கிருந்தும் இங்கே முக்குளிக்க வருகிறார்கள். என் வீட்டிலிருந்து காய்கறிக்கடைக்குப் போகிற தூரம்தான்.

இத்தனை வருடத்தில் நான் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. வந்த வருடம் ஒரு தரம் வீட்டுக்காரரிடம் கேட்டேன், சேலையோடா இறங்கப்போகிறாய் என்று சிரித்தார். பிறகு பிள்ளைகள், பிறகு சலவைக்கடை வேலை. அதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், எங்கே போனாலும் ரெஜினாவுக்கு அடுத்தவளாகத்தான் போகவேண்டியிருக்கும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவதாகப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். கிளேர் கிளப்பில் சேர்ந்தபோது, காது கெட்டுப்போகும், குளிர் பிடிக்கும் என்று முணுமுணுத்தேன். தண்ணீரென்றால் அம்மாவுக்குப் பயம் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். என் மகளுக்கு எனக்கு நீந்தத் தெரியும் என்பதே தெரியாது.

6

கிளப்புகளில் முதல்முறை கடலுக்கடியில் இறங்குவதை இங்கே ஞானஸ்நானம் என்கிறார்கள். ரெஜினா ஊருக்குத் திரும்புமுன் அவளுக்கு ஒரு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றாள் கிளேர். "சித்தி ஏற்கெனவே இறங்கியிருக்கிறாளே, அம்மா! அந்தக் காலத்தில்! இந்தியாவில்!" என்று பிரெஞ்சில் என்னிடமே பெருமையடித்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டு பிடித்துக்கொள்ள வருகிறேன் என்று நானாகச் சொன்னேன்.

சனிக்கிழமைகளில் கிளப்பில் ஒரு டாக்டர் உட்கார்ந்து புதியவர்களைச் சோதிப்பார். ரெஜினாவின் வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு என்னிடம், இவர் இறங்கக்கூடாது, காது ஜவ்வில் ஓட்டை இருக்கிறது, பழைய ஓட்டை, ரொம்பப் பழையது, இந்தக் காது சரியாகக் கேட்காதே, உங்களுக்குத் தெரியாதா என்றார்.

எனக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாமல் போவாள், திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தோம். கிளேர் சற்றுத் தள்ளி, எடுத்துவைத்த சிலிண்டருக்குப் பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"நீ போக்கா" என்றாள் ரெஜினா.

"உன் எச்சி எனக்கு வேணாம்."

அவள் புடைவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, "எச்சியா இருந்தாத்தான? நான் ஒன்னுமே பாக்கல" என்றாள்.

நான் திரும்பினேன்.

"சேறுக்கா. மழத்தண்ணி எறங்கி ஒரே கலங்கல். என் கையே எனக்குத் தெரியல. மூக்கப் புடிச்சி ஊதுன்னு அண்ணன் படிச்சிப் படிச்சிச் சொல்லி இருந்தாரு, பயத்துல மறந்துபோச்சி. காதுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். தல சுத்திச்சி. கவுத்தப் புடிச்சிக்கினு ஏறி வந்துட்டேன். அவ்ளோதான்."

"அப்ப அந்த மீனு?"

"நீ மாலயும் கழுத்துமா கூடத்துல குந்தினு இருந்த. ஊரே உன்னத்தான் பாத்துச்சி. காது வலிக்குதுன்னு சொல்லலாம்னா ஒருத்தரும் திரும்பல. ஒரு மீன் சொன்னேன், நீ மொறச்ச. சரின்னு இன்னொன்னு சொன்னேன். அப்பறம் நிறுத்த மனசு வரல."

தை மாதத்துக் கடல் கலங்கல் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கால் நூற்றாண்டுக்கு மேலாக அது எனக்குத் தோன்றவே இல்லை. அடிப்பாவி என்று அவள் முதுகில் ஓர் அடி வைத்தேன். ஒரு காதை இழந்துவிட்டு வந்தவளைப் பார்த்துத்தானா இத்தனை காலம் வெந்தேன் என்று நொந்துகொண்டேன். அதுவும் உண்மை. ஆனால் அதற்கு முன்னாலேயே மனசுக்குள் ஒன்று துள்ளிக் குதித்துவிட்டது: அப்படியானால் எங்கள் வீட்டில் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

எழுந்துபோய்க் கிளேரிடம், எனக்கு எந்த அளவு உடுப்பு சரியாக இருக்கும் என்று கேட்டேன்.

"அம்மா, உனக்கு நீந்தத் தெரியுமா?" என்றாள் பிரெஞ்சில்.

நான் தமிழில் பதில் சொன்னேன். "நாலாள் ஆழக் கிணத்துல குதிச்சவ நான். காட்டு, எங்க எறங்கணும்?"

டாக்டர் என் காதுகளை ஒரு பார்வையில் விட்டுவிட்டார். ரப்பர் உடுப்புக்குள் என்னைத் திணிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தண்ணீரில் இறங்கினோம். காது அடைத்ததும் மூக்கைப் பிடித்து ஊதினேன், மூக்குத்தி உள்ளே குத்தியது, காது திறந்துகொண்டது. மூச்சு விட்டேன். இன்னொரு மூச்சு விட்டேன். என் மூச்சின் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கடல்புல் காற்றில் அசைகிற நாற்று மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்தது. வெள்ளி மீன்கள், கறுப்பு மீன்கள், கையகலத்தில் கோடு போட்ட ஒன்று என் கண்ணாடிக்கு நேரே வந்து நின்று என்னைப் பார்த்தது.

கிளேர் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே, பின்பக்கமாக நீந்தி வந்தாள். கற்றுக்கொடுக்கிறவர்கள் புதிதாக வருகிறவரின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கக்கூடாதாம், பயம் முதலில் கண்ணில்தான் தெரியுமாம். அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பால்குடி மறந்த பிறகு என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. விரல்களை வட்டமாக்கி, சரியா என்று கேட்டாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று இருந்தது. அவள் கட்டைவிரலைத் தூக்கியபோது, மாட்டேன் என்று தலையாட்டினேன்.

7

கரையில் ரெஜினா துண்டை விரித்துக்கொண்டு நின்றாள். "இன்னாக்கா பாத்த?" என்றாள்.

சொன்னேன். ஒரு மீன் விடாமல் சொன்னேன். தலையைத் துவட்டும்போது சொன்னேன், காரில் சொன்னேன், அவளுடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும்போதும் சொன்னேன். நான் சொன்னதில் பொய் ஒன்று கிடையாது, அவள் மாதிரி அல்ல. அவள் மெல்ல மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பாவமாக இல்லையா என்று கேட்காதீர்கள். இல்லை. இத்தனை வருடத்தில் அவ்வளவு இனிப்பாக எதையும் நான் சாப்பிட்டதில்லை. கிளேர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்ததை மட்டும் சொல்லவில்லை. அது யாருக்கும் கிடையாது.

கிளேர் அன்று எங்களோடே தங்கினாள். காலையில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். ரெஜினா வெளியே போகிற புடைவை கட்டி, தலை வாரி, தூங்குகிற பெண்ணின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவளை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏந்திருடி. வேற டாக்டரே இல்லியா இந்த ஊர்ல?"